வால்வு ப்ரீஆம்ப்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

வால்வு (வெற்றிடக் குழாய்) ப்ரீஆம்ப் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த வால்வு இனிமையாக ஒலிக்கும் என்பதைத்தான். 12ஏஎக்ஸ்7-ஆ, 6எஸ்என்7-ஆ, 6922-ஆ? நல்ல கேள்வி, ஆனால் வரிசையில் கடைசியாக வர வேண்டியது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன: சிக்னல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, நடுவில் எவ்வளவு பெருக்கம் தேவை. இவற்றைப் பார்க்காமல் வாங்கினால், உள்ளே எவ்வளவு அரிய வால்வு இருந்தாலும் பேஸ் மெலிந்து போகலாம். வால்யூம் குமிழை ஒரு துளி திருப்பினாலே அறை அதிரலாம். பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கர் 'உஸ்' என்று இரையலாம். அப்புறம் வால்வுமேல் பழி விழும்.

முதலில் ப்ரீஆம்ப் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். சிடி பிளேயர், டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக மாற்றும் டாக், டர்ன்டேபிள் என்று பல கருவிகளிலிருந்து வரும் சிக்னல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவுகிறது. அதன் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. தேவைப்பட்டால் கொஞ்சம் பெருக்குகிறது. கடைசியாக, அந்தச் சிக்னல் கேபிள் வழியாகப் போய்ப் பவர் ஆம்பைத் தளராமல் இயக்கும்படி வலுவோடு அனுப்புகிறது. ஸ்பீக்கரை அசைக்கும் வேலை முழுக்கப் பவர் ஆம்பினுடையது. ப்ரீஆம்புக்கு அதில் பங்கில்லை.

அப்படியானால் உங்களுக்கு ப்ரீஆம்ப் தேவையா என்பதே முதல் கேள்வி. உங்களிடம் இருப்பது இன்டக்ரேட்டட் ஆம்ப் என்றால் அதற்குள்ளேயே ஒரு ப்ரீஆம்ப் இருக்கிறது. வெளியிலிருந்து இன்னொன்றைச் சேர்க்க வேண்டுமானால், பின்பக்கத்தில் 'மெயின் இன்' அல்லது 'பவர் ஆம்ப் இன்' என்ற துளை வேண்டும். அது இல்லாத ஆம்பில் சாதாரண உள்ளீட்டில் வால்வு ப்ரீஆம்பைச் செருகினால், இரண்டு வால்யூம் கன்ட்ரோல்களும் இரண்டு பெருக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். ஒலி வரும், ஆனால் தேவையில்லாத சுற்று. இன்னொரு பக்கம், இப்போது வரும் டாக்குகள் பலவற்றில் நல்ல வால்யூம் கன்ட்ரோல் இருக்கிறது. ஒரே ஒரு டாக், ஒரே ஒரு பவர் ஆம்ப், குட்டையான கேபிள் என்றால் நேரே இணைத்துக் கேட்டுப் பாருங்கள். அதில் குறை ஏதும் தெரியவில்லை என்றால், ப்ரீஆம்புக்கான பணத்தை ஸ்பீக்கரில் போடுவதே மேல் என்பேன்.

சரி, தேவை என்றே முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

எவ்வளவு கெயின்?

கெயின் என்றால் பெருக்கம். டெசிபெல்லில் சொல்வார்கள்: 6 டெசிபெல் என்றால் வோல்டேஜ் 2 மடங்கு, 12 என்றால் 4 மடங்கு, 20 என்றால் 10 மடங்கு. அதிகமாக இருப்பது நல்லது என்று தோன்றும். இங்கேதான் புதியவர்கள் பலர் சறுக்குகிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். சிடி பிளேயரோ டாக்கோ தன் உச்ச அளவில் சுமார் 2 வோல்ட் தரும். 100 வாட் பவர் ஆம்ப் ஒன்று தன் முழுத் திறனை எட்ட 1.4 வோல்ட் கேட்கிறது என்று கொள்வோம். இது மிகச் சாதாரணமான அளவு. நேரே இணைத்தாலே ஆம்ப் எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதாவது, பெருக்கமே தேவையில்லை. அதே ஆம்பில் 1 வாட் வாங்க 0.14 வோல்ட் போதும். வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது சராசரியாகப் போவது இதற்கும் குறைவுதான். இந்த அமைப்பில் 20 டெசிபெல் கெயின் உள்ள ப்ரீஆம்பை வைத்தால், குமிழை முழுக்கத் திறக்கும்போது அது 20 வோல்ட் கொடுக்க முயலும். நமக்கு வேண்டியதோ அதில் நூறில் ஒரு பங்கு. ஆகவே குமிழ் எப்போதும் தொடக்கப் புள்ளியை ஒட்டியே கிடக்கும்.

அதனால் என்ன கெட்டுவிடும்? இரண்டு விஷயங்கள். வால்யூம் குமிழாக இருக்கும் சாதாரண பொட்டென்ஷியோமீட்டர்கள் தொடக்கப் பகுதியில் இடது, வலது சானல்களைச் சமமாகத் தருவதில்லை. மெதுவாக வைத்துக் கேட்கும்போது பாடகர் நடுவிலிருந்து ஒரு பக்கம் நகர்ந்துவிடுவார். இரண்டாவது இரைச்சல். பெரும்பாலான ப்ரீஆம்ப்களில் வால்யூம் கன்ட்ரோல் வால்வுக்கு முன்னால் இருக்கிறது. குமிழைக் குறைத்தால் பாட்டு குறையும். வால்வு தானாக உண்டாக்கும் இரைச்சல் குறையாது. கெயின் கூடக்கூட அந்த இரைச்சலும் கூடிப் பவர் ஆம்புக்குப் போகிறது. சென்சிட்டிவிட்டி (ஒரே அளவு சிக்னலுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) 86, 87 டெசிபெல் உள்ள ஸ்பீக்கரில் இது காதில் விழாமல் போகலாம். 100 டெசிபெல்லைத் தொடும் ஹார்ன் ஸ்பீக்கரில் உட்காரும் இடத்திலிருந்தே கேட்கும்.

என் கணிப்பில் இன்றைய டிஜிட்டல் கருவிகளோடு பயன்படுத்த 6 முதல் 12 டெசிபெல் வரை கெயின் உள்ள லைன் ப்ரீஆம்ப் (சிடி, டாக் போன்றவற்றின் சிக்னலுக்கானது) போதும். பவர் ஆம்ப் முழுத் திறனை எட்ட 2 வோல்ட்டுக்கு மேல் கேட்டாலோ, ஃபோனோ ஸ்டேஜோ (டர்ன்டேபிள் சிக்னலைப் பெருக்கும் சுற்று) பழைய டேப் டெக்கோ அரை வோல்ட்டுக்கும் குறைவாகத் தந்தாலோ மட்டும் அதிகமாகத் தேடலாம். 1950-களிலும் 60-களிலும் வந்த ப்ரீஆம்ப்களில் கெயின் தாராளமாக இருந்ததற்குக் காரணம், அப்போதைய ட்யூனர்களும் டேப் கருவிகளும் அவ்வளவு குறைவாகத் தந்ததுதான். அந்தக் காலத்து வரைபடத்தை அப்படியே நகலெடுத்து இன்று விற்கும் பெட்டிகளை 2 வோல்ட் டாக்கோடு சேர்த்தால் மேலே சொன்ன எல்லாச் சிக்கலும் வரிசையாக வரும்.

இம்பீடன்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத பிரச்சினை

இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வால்வு ப்ரீஆம்பில் ஏமாற்றமடைந்தவர்களில் பலருடைய கதை இங்கேதான் இருக்கிறது.

இம்பீடன்ஸ் என்றால் சிக்னலுக்கான மின் தடை. சிக்னலைக் கொடுக்கும் கருவிக்கு அவுட்புட் இம்பீடன்ஸ் என்று ஒன்று உண்டு. வாங்கும் கருவிக்கு இன்புட் இம்பீடன்ஸ். தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் குழாய் ஒடுக்கமாக இருந்து, கீழே பெரிய வாயுள்ள குழாயைத் திறந்துவிட்டால் அழுத்தம் விழுந்துவிடுகிறதே, அதே கதைதான். கொடுப்பவரின் தடை குறைவாகவும் வாங்குபவரின் தடை அதிகமாகவும் இருக்க வேண்டும். வாங்கும் பக்கம் குறைந்தது 10 மடங்கு அதிகமாக இருக்கட்டும் என்பது நடைமுறை விதி. வால்வுக் கருவிகளுக்கு 20 மடங்கு என்று வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப்களில் அவுட்புட் இம்பீடன்ஸ் சாதாரணமாக சில நூறு ஓம்களுக்குள் அடங்கிவிடும். வால்வில் அது சுற்றைப் பொறுத்தது. 12ஏஎக்ஸ்7 வால்வின் பிளேட்டிலிருந்து (எலெக்ட்ரான்கள் வந்து சேரும் தகடு) நேராகச் சிக்னலை எடுத்தால் அது 40 கிலோ ஓம்மை நெருங்கும். 12ஏயூ7 அல்லது 6எஸ்என்7 என்றால் 6, 7 கிலோ ஓம். கேத்தோடு ஃபாலோயர் என்ற சுற்றைக் கடைசியில் சேர்த்தால் சில நூறு ஓம்முக்கு இறங்கிவிடும். கேத்தோடு ஃபாலோயர் சிக்னலைப் பெருக்காது. வலுவை மட்டும் கூட்டும்.

வாங்கும் பக்கத்தைப் பார்ப்போம். வால்வுப் பவர் ஆம்ப்கள் பெரும்பாலும் 100 கிலோ ஓம் அல்லது அதற்கு மேல். அவற்றோடு எதை இணைத்தாலும் பெரிய வம்பில்லை. டிரான்சிஸ்டர் ஆம்ப்களில் 47 கிலோ ஓம்மும் இருக்கும், 10 கிலோ ஓம்மும் இருக்கும். க்ளாஸ் டி ஆம்ப்கள் சிலவற்றில் அதற்கும் கீழே. 7 கிலோ ஓம் ப்ரீஆம்பை 10 கிலோ ஓம் ஆம்போடு இணைத்தால் சிக்னலில் நாற்பது சதவீதம் போல வழியிலேயே தொலைகிறது. வால்வும் தன் பலத்துக்கு மீறிய சுமையை இழுக்க வேண்டியிருப்பதால் டிஸ்டார்ஷன் (சிக்னலின் சிதைவு) ஏறுகிறது.

இதைவிடச் சூட்சுமமான ஒன்று அவுட்புட் கெப்பாசிட்டர். வால்வின் பிளேட்டில் நூறு, இருநூறு வோல்ட் டிசி நிற்கும். அது வெளியே போகாமல் தடுத்து இசையை மட்டும் அனுப்ப ஒரு கெப்பாசிட்டரை வைக்கிறார்கள். அந்தக் கெப்பாசிட்டரும் பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸும் சேர்ந்து தாழ்ந்த ஸ்வரங்களை வெட்டும் வடிகட்டியாகிவிடுகின்றன. 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 47 கிலோ ஓம்மும் என்றால் வெட்டு 3.4 ஹெர்ட்ஸில் விழுகிறது, கவலையே இல்லை. அதே கெப்பாசிட்டர், ஆம்ப் மட்டும் 10 கிலோ ஓம் என்றால் 16 ஹெர்ட்ஸ். 30 ஹெர்ட்ஸை ஒட்டிய பேஸ் இப்போதே 1 டெசிபெல் குறைந்துவிட்டது. கெப்பாசிட்டர் 0.47 மைக்ரோஃபாரடாக இருந்தால் வெட்டு 34 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். 'வால்வு ப்ரீஆம்பில் பேஸ் வராது' என்று யாராவது சொல்லக் கேட்டால், அவரிடம் இருக்கும் பவர் ஆம்ப் எது என்று கேளுங்கள்.

விளம்பரத் தாளில் இது தெரியாது. ஏனென்றால் அவுட்புட் இம்பீடன்ஸை வழக்கமாக 1 கிலோஹெர்ட்ஸில்தான் சொல்வார்கள். மேலே சொன்ன 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்கு அந்த அதிர்வெண்ணில் தடை 160 ஓம்தான். 20 ஹெர்ட்ஸில் அதுவே 8 கிலோ ஓம். தாளில் '250 ஓம்' என்று போட்டிருக்கும் பெட்டி அடிமட்ட பேஸில் 8 கிலோ ஓம் பெட்டியாக நடந்துகொள்ளும். ஆகவே விற்பவரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: அவுட்புட் கெப்பாசிட்டர் எவ்வளவு மைக்ரோஃபாரட், இணைக்கக்கூடிய குறைந்தபட்ச இன்புட் இம்பீடன்ஸ் எவ்வளவு. பொறுப்பான தயாரிப்பாளர்கள் இரண்டாவதை எழுதியே தருவார்கள். சிலர் கெப்பாசிட்டருக்குப் பதிலாக அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கிறார்கள். நல்ல டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அழகான தீர்வு. மோசமானதாக இருந்தால் அதுவே பேஸைக் கெடுக்கும்.

சப்வூஃபர் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ப்ரீஆம்பின் ஒரே வெளியீட்டிலிருந்து 47 கிலோ ஓம் பவர் ஆம்புக்கும் 10 கிலோ ஓம் சப்வூஃபருக்கும் கேபிள் பிரித்தால், ப்ரீஆம்ப் பார்க்கும் சுமை 8 கிலோ ஓம்மாகிவிடும். இரண்டு ஆம்ப்களைச் சேர்ந்தாற்போல ஓட்டினாலும் இதே கணக்குதான்.

கேபிள் நீளமும் இதில் சேர்த்தி. சாதாரண கேபிளுக்கு மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று தோராயமாகக் கொள்ளலாம். 40 கிலோ ஓம் அவுட்புட்டோடு 5 மீட்டர் கேபிளைச் செருகினால் 8 கிலோஹெர்ட்ஸிலேயே ட்ரெபிள் 3 டெசிபெல் சரிந்துவிடும். 'இந்த வால்வுக்கு மென்மையான ட்ரெபிள்' என்று பாராட்டப்படுவதில் கொஞ்சம் இந்தச் சரிவாகவும் இருக்கலாம். சில நூறு ஓம் வெளியீடு உள்ள ப்ரீஆம்புக்கு இந்தத் தொல்லை கிடையாது.

டர்ன்டேபிள் இருந்தால்

இசைத்தட்டுக் கேட்பவர்களுக்கு ஃபோனோ ஸ்டேஜ் வேண்டும். ஊசியைத் தாங்கி அதன் அசைவைச் சிக்னலாக்கும் கார்ட்ரிஜில் இரண்டு வகை. மூவிங் மேக்னெட் கார்ட்ரிஜ் 3 முதல் 5 மில்லிவோல்ட் தரும். மூவிங் காயில் அரை மில்லிவோல்ட்டோ அதற்கும் குறைவோ. முன்னதற்கு 40 டெசிபெல், பின்னதற்கு 60 டெசிபெல் அல்லது அதற்கு மேல் கெயின் தேவை. கூடவே ஆர்ஐஏஏ ஈக்வலைசேஷன். இசைத்தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டிப் பதிகிறார்கள். கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். 1954-ல் பொதுவாக ஏற்கப்பட்ட இந்த வளைவில் 20 ஹெர்ட்ஸுக்கும் 20 கிலோஹெர்ட்ஸுக்கும் இடையிலான வித்தியாசம் சுமார் 40 டெசிபெல். அதனால்தான் டர்ன்டேபிளைச் சாதாரண உள்ளீட்டில் செருகினால் கீச்சுக் குரலில், காற்றாக ஒலிக்கிறது.

மூவிங் மேக்னெட் வரை வால்வு தாராளமாகச் சமாளிக்கும். 12ஏஎக்ஸ்7 புகழ்பெற்றதே இந்த வேலையில்தான். 1950-களின் இறுதியில் வந்த மராண்ட்ஸ் 7 ப்ரீஆம்பில் இருந்த ஆறு வால்வுகளும் 12ஏஎக்ஸ்7-தான். மூவிங் காயிலில் கதை மாறுகிறது. அவ்வளவு சிறிய சிக்னலைப் பெருக்கும்போது வால்வின் இரைச்சல் இசையை நெருங்கிவிடும். ஆகவே முன்னால் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது வழக்கம். 1:10 டிரான்ஸ்ஃபார்மர் 20 டெசிபெல் கூட்டித் தரும்; பின்னால் இருக்கும் 47 கிலோ ஓம் கார்ட்ரிஜுக்கு 470 ஓம்மாகத் தெரியும். உங்கள் கார்ட்ரிஜுக்கு அந்த 470 ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறு சிலர் முதல் கட்டத்தில் டிரான்சிஸ்டர் வைத்துப் பிறகு வால்வுக்குப் போகிறார்கள். இதைக் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது புத்திசாலித்தனமாகவே படுகிறது.

லைன் ப்ரீஆம்பும் ஃபோனோவும் ஒரே பெட்டியில் வேண்டுமா, தனித்தனியா? இசைத்தட்டு எப்போதாவதுதான் கேட்பீர்கள் என்றால் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனோவைத் தொடாத நாட்களில் அந்த வால்வுகள் வீணாக எரிய வேண்டியதில்லை.

பெட்டிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது

வால்வு வேலை செய்யும் விதம் எளிது. உள்ளே வெற்றிடம். ஹீட்டர் கம்பியால் சூடான கேத்தோடு எலெக்ட்ரான்களை உமிழ்கிறது; பிளேட் அவற்றை இழுக்கிறது; நடுவில் இருக்கும் கிரிட் எவ்வளவு போகலாம் என்று தீர்மானிக்கிறது. ஃப்ளெமிங் 1904-ல் செய்த டயோடில் கிரிட் இல்லை. டி ஃபாரஸ்ட் 1906-ல் அதைச் சேர்த்தார். பெருக்கும் திறன் வந்தது அதனால்தான். இந்த மூன்று உறுப்பு வால்வுதான் ட்ரையோடு. ப்ரீஆம்ப்களில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு ட்ரையோடுகளை ஒரே கண்ணாடிக்குள் அடைத்த இரட்டை வால்வுகள்.

இவை நன்றாக வேலை செய்யப் பிளேட்டுக்கு 100 முதல் 300 வோல்ட் வரை வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் சந்தையில் கிடைக்கும் குட்டிப் பெட்டிகளை எடைபோடலாம். 12 வோல்ட் அடாப்டரில் ஓடி, வால்வுக்கு அடியில் ஆரஞ்சு நிற எல்இடி வைத்துக் கண்ணைக் கவரும் பெட்டிகள் சிலவற்றில் பிளேட்டுக்கு இருபது, முப்பது வோல்ட்தான் போகிறது. பெருக்கும் வேலையை உள்ளே ஒரு ஐசி பார்த்துக்கொள்ளும். வால்வு ஏறக்குறைய அலங்காரம். எல்லாவற்றையும் அப்படித் தள்ளிவிடவும் முடியாது. 12 வோல்ட்டை உள்ளே 200-க்கு மேல் உயர்த்தும் நேர்மையான வடிவமைப்புகளும் இருக்கின்றன. பிளேட் வோல்டேஜ் எவ்வளவு என்று கேட்டால் எது எந்த ரகம் என்று தெரிந்துவிடும். பதில் வரவில்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

ப்ரீஆம்பின் அமைதி பவர் சப்ளையில் இருக்கிறது. மின் இணைப்பின் உறுமல் மூன்று வழிகளில் நுழையலாம்: ஹீட்டர் கம்பிகள் வழியாக, சரியாக வடிகட்டப்படாத உயர் வோல்டேஜ் வழியாக, டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலம் வழியாக. ஹீட்டருக்கு டிசி கொடுப்பது, உயர் வோல்டேஜை ரெகுலேட் செய்வது, பவர் சப்ளையைத் தனிப் பெட்டியில் வைப்பது ஆகியவை இதற்கான வழிகள். ஃபோனோ ஸ்டேஜில் இவை முக்கியம். வெறும் லைன் ப்ரீஆம்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ரெக்டிஃபயரும் வால்வாகவே இருக்க வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். அது ஏசியை டிசியாக்கும் பாகம் மட்டுமே. நல்ல வடிகட்டல் இருக்கும் இடத்தில் சிலிக்கான் டயோடும் அதே வேலையைச் செய்யும். வால்வு ரெக்டிஃபயரில் வோல்டேஜ் மெதுவாக ஏறும் என்பது ஒரு சின்ன நன்மை.

வாங்கும் முன் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்: எந்தப் பாட்டும் ஓடாமல், வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வைத்து, ஸ்பீக்கரின் அருகில் காதைக் கொண்டுபோங்கள். பிறகு உட்காரும் இடத்துக்கு வாருங்கள். அங்கே எதுவும் கேட்கக்கூடாது. வால்வு இருக்கும் பெட்டியை விரலால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடித்தது போல ஒலி நீண்டால் அது மைக்ரோஃபோனிக் வால்வு, அதாவது அதிர்வை ஒலியாக்கும் வால்வு. பெட்டியில் கோளாறில்லை, வால்வை மாற்றினால் போதும்.

இப்போது வால்வின் பெயர்

கெயினும் இம்பீடன்ஸும் புரிந்துவிட்டால் வால்வுப் பெயர்கள் தாமாகவே அர்த்தப்படும். 12ஏஎக்ஸ்7-ன் பெருக்கக் காரணி 100. ஐரோப்பியப் பெயர் இசிசி83. கெயின் நிறைய, ஓட்டும் வலு குறைவு. ஃபோனோவுக்கு ஏற்றது, லைன் ப்ரீஆம்பில் தனியாக வைத்தால் கெயின் மிதமிஞ்சிப் போகும். 12ஏடி7 என்கிற இசிசி81-க்கு 60. 12ஏயூ7 என்கிற இசிசி82-க்கு 20-க்குக் கொஞ்சம் கீழே. லைன் வேலைக்குப் பொருத்தமானது. 6எஸ்என்7-க்கும் 20-தான், எட்டு ஊசிகள் உள்ள பெரிய உருவம், டிஸ்டார்ஷன் குறைவு என்ற நல்ல பெயர். 6டிஜே8 என்கிற இசிசி88-க்கு 33. இதில் பிளேட் தடை மூன்று கிலோ ஓம்முக்கும் குறைவு என்பதால் அவுட்புட் இம்பீடன்ஸைத் தாழ்த்துவது சுலபம்.

12ஏஎக்ஸ்7, 12ஏடி7, 12ஏயூ7 மூன்றுக்கும் ஊசிகள் ஒரே வரிசை. அதற்காக ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுப் பார்க்க வேண்டாம். சுற்று கணக்கிட்ட மின்னோட்டம் தப்பிப்போகும். தயாரிப்பாளர் அனுமதித்தால் சரி. 6டிஜே8-ம் அதே துளையில் உட்காரும், ஆனால் ஹீட்டர் இணைப்பே வேறு. 6டிஜே8 வகைக்குள்ளும் ஜாக்கிரதை தேவை. சாதாரண இசிசி88-ன் பிளேட் தாங்குவது 130 வோல்ட். இ88சிசி அல்லது 6922 என்றால் 220. ரஷ்ய 6என்1பி வால்வை மாற்றாகச் சொல்வார்கள். அதன் ஹீட்டர் 600 மில்லிஆம்ப் இழுக்கும்; இசிசி88 இழுப்பது 365. டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தத் தெம்பு இருக்கிறதா என்று தெரியாமல் செருகக்கூடாது.

வால்வு கிடைக்குமா என்ற பயம் தேவையில்லை. ரஷ்யாவின் சாராட்டோவிலும் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே ஆலையிலும் சீனாவிலும் இந்த வகைகள் இன்றும் தயாராகின்றன. இதற்குக் கிட்டார் வாசிப்பவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அவர்களுடைய ஆம்ப்களுக்கு 12ஏஎக்ஸ்7 தேவைப்படாமல் இருந்திருந்தால் ஹை-ஃபை ரசிகர்களை மட்டும் நம்பி ஆலைகள் ஓடியிருக்காது. டெலிஃபங்கன், முல்லார்ட் போன்ற பழைய சரக்கைத் தேடுவது தனிப் பொழுதுபோக்கு. முதல் வருஷம் அதில் இறங்க வேண்டாம். போலி முத்திரைகள் நிறைய. அரிய வால்வை மட்டுமே நம்பும் ப்ரீஆம்பைத் தவிர்ப்பதும் நல்லது. ஆயுளைப் பொறுத்தவரை இந்தச் சிறிய வால்வுகள் சில ஆயிரம் மணி நேரம் தாங்கும். தரம் கூடியவை 10,000 மணி நேரம் வரைகூட. தினமும் மூன்று மணி நேரம் கேட்பவருக்கு 5,000 மணி நேரம் என்பது நாலரை வருஷம்.

அந்த 'கதகதப்பு' பற்றி

ட்ரையோடு உண்டாக்கும் டிஸ்டார்ஷனில் இரண்டாம் ஹார்மோனிக் தூக்கலாக இருக்கும். சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சொன்னால், அது ஸட்ஜத்தோடு மேல் ஸட்ஜமும் லேசாகச் சேர்ந்து ஒலிப்பது. மூன்றாவது ஹார்மோனிக் மேல் ஸ்தாயிப் பஞ்சமம். காது இவற்றைத் தவறு என்று உணராமல் செழுமை என்றே எடுத்துக்கொள்ளும். வால்வுக்கு வந்த பெயர் இதனால்தான்.

ஆனால் லைன் ப்ரீஆம்ப் அனுப்புவது அரை வோல்ட்டுக்கும் குறைந்த சிக்னல். அந்த அளவில் ஒழுங்கான சுற்று ஒன்றின் டிஸ்டார்ஷன் 0.1 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கும். காதில் தேன் ஊற்றும் மாற்றத்தை அதனிடம் எதிர்பார்ப்பது அதிகம். நன்றாகச் செய்த வால்வு ப்ரீஆம்பும் நன்றாகச் செய்த டிரான்சிஸ்டர் ப்ரீஆம்பும் எதிர்பார்த்ததைவிட ஒரேமாதிரி ஒலிக்கும். தெளிவாகத் தெரியும் குணமாற்றம் வேண்டும் என்றால் வால்வுப் பவர் ஆம்ப்தான் அதற்கான இடம். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் ஸ்பீக்கரோடு உறவாடி ஒலியின் சமநிலையையே மாற்றும். ப்ரீஆம்பில் வேண்டுமென்றே குணம் ஏற்றியவையும் கிடைக்கின்றன: ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிப் பிழையைக் குறைக்கும் முறை) இல்லாத ஒற்றை ட்ரையோடு, அதிகக் கெயின், டிரான்ஸ்ஃபார்மர் வெளியீடு. அதுதான் வேண்டும் என்று தெரிந்து வாங்குபவருக்கு அது நல்ல தேர்வே.

மீதியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ரிமோட் வேண்டும் என்றால் முதலிலேயே கேளுங்கள். வால்வு உலகில் அது எல்லாவற்றிலும் வராது. எக்ஸ்எல்ஆர் (மூன்று ஊசி) துளை இருப்பதாலேயே உள்ளே சுற்று பேலன்ஸ்டு, அதாவது சிக்னலையும் அதன் தலைகீழ் நகலையும் சேர்த்தே கையாள்வது, என்று அர்த்தமில்லை. ஒற்றைக் கட்டச் சுற்றுகள் ஃபேஸை (சிக்னலின் மேல், கீழ் திசையை) தலைகீழாக்கும்; இரண்டு ஸ்பீக்கர்களிலும் சிவப்பு, கறுப்பு வயர்களை இடம் மாற்றினால் சரியாகிவிடும். போடும்போது ப்ரீஆம்ப் முதலில், அது சூடேறிய பிறகு பவர் ஆம்ப். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். இல்லையென்றால் 'தொம்' என்ற அடி ஸ்பீக்கருக்குப் போகும். வெளியீட்டைச் சில விநாடிகள் துண்டித்து வைக்கும் ம்யூட் ரிலே உள்ள மாடலாக எடுத்தால் இந்தக் கவலை குறையும். மூடியைத் திறக்காதீர்கள், மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் இருநூறு, முந்நூறு வோல்ட் தங்கியிருக்கும்.

இரண்டு மாடல்களுக்குள் போட்டி என்று வந்தால், வீட்டில் வைத்துக் கேட்க அனுமதி வாங்குங்கள். கேட்பதற்கு முன் ஒலி அளவைச் சமப்படுத்த வேண்டும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் கொஞ்சம் சிறப்பாகத் தோன்றும் என்பதால், சமப்படுத்தாத ஒப்பீட்டில் கெயின் கூடிய பெட்டிதான் ஜெயிக்கும். அரை மணி நேரம் சூடேற விட்டு, 300 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்ட்டிமீட்டரை ஏசியில் வைத்து அளந்துகொள்ளுங்கள். மலிவான மீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது; அதனால்தான் 300. இரண்டு ப்ரீஆம்ப்களிலும் அந்த எண் 1 சதவீதத்துக்குள் ஒத்திருக்கும்படி குமிழை வையுங்கள். அந்த இடத்தை ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, பிறகு பாட்டைப் போடுங்கள். எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி இன்னொருவர் கேபிளை மாற்றித் தந்தால் இன்னும் நல்லது; ஒவ்வொரு முறையும் பவர் ஆம்பை அணைத்துவிட்டுத்தான் கேபிளைத் தொட வேண்டும் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.